அம்பாசடர் நாட்குறிப்பு: தண்ணீர் எங்கே போகிறது?

மே 4, 2024, சனி

இன்று கத்திரி தொடங்கியது. திண்டுக்கல் போய் மதுரை திரும்பியதும், எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். ஒரு லிட்டருக்கு மேல் குறைந்திருக்கிறது. ஷெட் தரையிலோ ஒரு சொட்டு ஈரம் இல்லை. தரை நனைந்திருந்தால் இவ்வளவு கவலைப்பட மாட்டேன்.

வண்டி 1974ஆம் ஆண்டு மார்க் 2. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் தயாரானது. 1489 சி.சி. எஞ்சினில் பிளாக் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பாகம்), ஹெட் (அதன் மேல்மூடி) இரண்டுமே வார்ப்பிரும்பு. நிறையத் தாங்கும்; ஆனாலும் தண்ணீரில்லாமல் கொதிக்கவிட்டால் ஹெட் வளைந்துவிடும். கண்டுபிடிக்கும்வரை வெளியூர் எடுத்துப் போவதில்லை.

மே 5, ஞாயிறு

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், கழற்றினால்தான் தெரியும் என்றார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. கழற்றுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள எத்தனையோ வழிகள் உண்டு. ஹெட்டைப் பிடித்திருக்கும் ஐம்பது வருட ஸ்டட்களைத் திருகித் திறப்பது கடைசியாகச் செய்யவேண்டிய வேலை.

இன்னொருவர் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடச் சொன்னார். நடுவழியில் மாட்டிக்கொண்டவர் ஊர் சேர அது உதவலாம். வீட்டில் நிற்கும் வண்டிக்கு எதற்கு? ஓட்டையோடு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் அடைபடும்.

மே 8, புதன்

கேஸ்கெட்டைப் பற்றிய சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொண்டேன். ஆயில் குச்சியில் எண்ணெய் தெளிவாக இருக்கிறது. தண்ணீர் கலந்திருந்தால் மோர்போல வெளுத்திருக்கும். நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் ஒரே பழுப்பு நிறம். சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்தால் அந்தப் பிளக் மட்டும் கழுவிவிட்டதுபோல் சுத்தமாகத் தெரியும். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) நான்கிலும் கிட்டத்தட்ட சமம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் எரிந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். மூடியைத் திறந்துவைத்து, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்த்தேன். சிலிண்டர் வாயு கசிந்தால் வரும் தொடர் குமிழிகள் இல்லை.

கசிவு வெளியேதான். அன்று இரவு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மே 11, சனி

மெக்கானிக் பாய், கசிவு பார்க்கக் காற்றழுத்தம் கொடுக்கும் தன் பிரஷர் பம்பைக் கொண்டுவந்தார். அம்பாசடர்களோடே வயதானவர். ரேடியேட்டர் மூடியில் 7 என்று பொறித்திருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 111 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் கொதிப்பதற்கு முன்பே வெளியே தள்ளிவிடும் என்பதால் அதைத்தான் முதலில் சோதித்தோம். நன்றாக இருந்தது.

பிறகு எஞ்சினுக்கு அதே அழுத்தம் கொடுத்துக் காத்திருந்தோம். பம்பிலுள்ள அழுத்தமானியின் முள் அசையவில்லை. ஹோஸ்கள், தெர்மோஸ்டாட் மூடி, பிளாக்கின் பக்கத்திலுள்ள அடைப்புத் தகடுகள், ரேடியேட்டர் அடிக்குழாய் எல்லாம் உலர்ந்தே இருந்தன.

நான் சோர்ந்துபோனேன். பாய்க்கு அது நல்ல செய்தி. “நிற்கும்போது தாங்குகிறது சார், ஓடும்போதுதான் விடுகிறது. இதில் ஓடுகிற பாகம் எது?” என்றார்.

வாட்டர் பம்ப்! எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடுவது அதுதான். ஃபேனின் இரண்டு இலைகளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். பம்பின் சுழலும் தண்டான ஷாஃப்ட் நன்றாகவே ஆடியது. தண்ணீரைத் தடுக்கும் ‘சீல்’ அடைப்பைத் தாண்டும் தண்ணீர் கீழே சொட்டுவதற்காகவே பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அது கிரீஸும் மண்ணும் சேர்ந்து அடைந்திருந்தது. போக வழியில்லாத தண்ணீர் ஷாஃப்ட் வழியாக முன்னால் வந்திருக்கிறது. அதே ஷாஃப்டில் மாட்டிய ஃபேன் அதைத் தூவிவிட, சூடான இரும்பில் பட்டு உலர்ந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஃபேனுக்குப் பின்னால், எஞ்சின் முகப்பு முழுக்க, தண்ணீரில் கலந்த கூலன்ட் உலர்ந்த பச்சைப் பொடி படிந்திருந்தது. தரை ஏன் நனையவில்லை என்பது விளங்கிவிட்டது.

மே 12, ஞாயிறு

ரேடியேட்டரை இறக்கி பம்பைக் கழற்றினோம். நான்கு போல்ட்டுகள்தான். ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருக்கிறது. போன வருடம், பம்பைச் சுழற்றும் ஃபேன் பெல்ட்டை மாற்றியவர் அதை வீணைத் தந்தி அளவுக்கு இழுத்துக் கட்டியிருந்தார். அந்த இழுப்பு முழுவதையும் இந்தப் பேரிங்தான் சுமந்தது. போதாக்குறைக்கு உள்ளே கிரீஸைத் திணித்திருக்கிறார்கள். பம்புக்குக் கொஞ்சமாக மட்டுமே வைக்கவேண்டும், அழுத்தி ஏற்றக்கூடாது, சீலின் கார்பன் வளையம் வரை போய்விடும் என்று இந்த எஞ்சினை வடிவமைத்த பிரிட்டிஷ் நிறுவனமான பி.எம்.சி.யின் கையேடுகளிலேயே எச்சரிக்கை உண்டு. அந்த வளையத்தில் கிரீஸ் அப்பிக் கிடந்ததைப் பார்த்தபோது கோபம்தான் வந்தது.

புது பம்ப், புது கேஸ்கெட். பெல்ட்டின் நீளமான பக்கத்தை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்கும்படி வைத்தோம்.

மே 19, ஞாயிறு

திண்டுக்கல் போய் வந்தாயிற்று, அதே வெயிலில். ரேடியேட்டரில் மட்டம் குறையவில்லை. பம்பின் அடித்துளையில் விரல் வைத்துப் பார்த்தேன், உலர்ந்திருக்கிறது. அடி ஹோஸில் மட்டும் லேசான வெடிப்பு தெரிகிறது. கசியவில்லை என்றாலும் வரும் வாரமே மாற்றிவிடுவேன்.