ஹெட்லைட் மங்கினால் பல்பைக் கடைசியாகப் பாருங்கள்

பழைய காரின் ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் ‘பல்ப மாத்துங்க’ என்பார்கள். அதிலும் சரியாகாவிட்டால் ‘நூறு வாட் போடுங்க, இல்லன்னா எல்.ஈ.டி போட்ருங்க’. என் கார் 2011 மாடல். புதுப் பல்பு போட்டும் வெளிச்சம் ஏறவே இல்லை. பழைய காரில் பெரும்பாலும் இப்படித்தான்: பல்பு நன்றாக இருக்கும், அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற சமாச்சாரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

இதில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. தங்கை வீடு ஆழ்வார்திருநகரியில். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் அடிக்கடி இரவில்தான் போகிறேன். தைப்பூசம், மாசித் திருவிழாச் சமயத்தில் சாலையோரம் முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம், பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக. இருட்டில் பச்சைத் துணி கறுப்பாகத்தான் தெரியும். அந்தச் சாலையில் மங்கிய விளக்கோடு போவது எனக்குப் பெரிய தப்பாகப் படுகிறது.

முதலில் வெளியே இருந்து ஆரம்பிப்போம். அம்பாசடர் காலத்தில் விளக்குக்கு முன்னால் இருந்தது நிஜக் கண்ணாடி, வெயில் அதை ஒன்றும் செய்யாது. இப்போது இருப்பது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். பாளையங்கோட்டை வெயிலில் அந்தப் பூச்சு போய்விட்டால் பிளாஸ்டிக் மஞ்சளாகிப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். என் காரில் வலது பக்கம் இடதை விட மோசம். சாயங்கால வெயில் அந்தப் பக்கம் விழுகிற மாதிரிதான் எப்போதும் நிறுத்துவேன். இதைச் சோதிக்கச் செலவே இல்லை. மேலே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்திருக்கும்போது பளிச்சென்று தெரிந்தால் கெட்டது வெளிப்பரப்பு மட்டும், தேய்த்தால் சரியாகும். நனைந்தும் மங்கலாகவே இருந்தால் கோளாறு உள்ளே.

தேய்ப்பதற்கு வாட்டர் பேப்பர் போதும். 800, 1000, 1500, 2000, 3000 என்று வரிசையாக (எண் ஏற ஏறப் பேப்பர் நைஸாகும்), தண்ணீர் விட்டபடியே. அப்புறம் பாலிஷ். அதன் பிறகு புற ஊதாவைத் தடுக்கும் கிளியர் கோட் அடித்தே ஆக வேண்டும். அதை விட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள்தான். பற்பசை போட்டுத் தேய்ப்பதும் இதே கதை.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்: வோல்டேஜ். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். கண்ணுக்கு மஞ்சளாகவும் தெரியும். பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு ‘கரண்ட் நல்லாத்தான் இருக்கு’ என்று விட்டுவிடக் கூடாது. பாபநாசத்தில் அணையைத் திறந்தும் கடைமடைக் குளத்துக்குத் தண்ணீர் வந்து சேராத வருஷங்கள் உண்டே, அது மாதிரிதான் இதுவும். வண்ணார்பேட்டையில் நான் போகிற ஒயரிங் கடை அண்ணாச்சி மல்டிமீட்டரைக் கையில் எடுத்ததுமே சொன்னார்: “ஹோல்டரக் கழட்டிட்டுப் பாத்தா ஃபுல்லாத்தான் காட்டும் தம்பி. லைட்டு எரியும்போது பாக்கணும்லா.”

பல்பு கரண்ட் இழுக்கும்போதுதான் ஒயரின் குறை வெளியே வரும். இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, ஹோல்டரின் பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகிப் பார்த்தோம். பேட்டரியில் 14.1. பல்பில் 12.3. கிட்டத்தட்ட 1.8 வோல்ட் வழியிலேயே போய்விட்டது. அதாவது வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். எங்கே போகிறது என்று பார்க்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை ஹோல்டரின் எர்த் பின்னிலும் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிற முனை) வைத்தார் அண்ணாச்சி. 0.9 வோல்ட். நல்ல எர்த்தில் அது பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும். பாடியில் எர்த் ஒயர் முறுக்கியிருந்த போல்டைக் கழற்றினால் பச்சைக் களிம்பும் துருவும். மணப்பாட்டில் கடலை ஒட்டிக் குடியிருந்த வருஷங்களில் உப்புக் காற்று செய்த வேலை. சுரண்டிச் சுத்தம் பண்ணி, ஒயர் நுனிக்குப் புது லக் (போல்டில் மாட்டும் உலோக வளையம்) போட்டு, கிரீஸ் தடவி முறுக்கியதும் 0.1க்கு இறங்கிவிட்டது.

மீதி பாசிட்டிவ் பக்கம். பல பழைய கார்களில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகவே போய்வருகிறது, ரிலே (ஸ்விட்சின் சிறு கரண்டில் இயங்கி, விளக்கின் பெரிய கரண்டைத் தனி ஒயரில் விடுகிற சாதனம்) கிடையாது. ஸ்விட்சின் பாயிண்ட் கருகக் கருக வோல்டேஜ் விழும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடித்த ஒயர் இழுத்து, ரிலே போட்டார். பல்பில் இப்போது 13.7.

அதனால்தான் நூறு வாட் யோசனையை நான் வேண்டாம் என்கிறேன். 55 வாட் பல்பு நாலரை ஆம்பியர் அளவில் இழுக்கும்; 100 வாட் எட்டுக்கு மேல். அதே நைந்த ஒயரில் கரண்ட் கூடினால் இழப்பும் கூடும், சூட்டில் ஹோல்டர் உருகும். எல்.ஈ.டியும் வேண்டாம், ஆனால் காரணம் வேறு. ஹாலஜன் பல்பின் இழைக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் (பல்பைச் சுற்றி வெளிச்சத்தை முன்னால் திருப்பும் கிண்ணம்) அதைச் செருகினால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். அது செய்யவே கூடாத காரியம்.

பல்பைக் கழற்றும்போது அப்படியே உள்ளே எட்டிப் பாருங்கள். ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு சாம்பல் நிறமாகவோ, பல்புக்கு நேர் மேலே கருகியோ இருந்தால் துடைத்துச் சரி செய்ய முடியாது. துணி பட்டால் பூச்சே கையோடு வந்துவிடும். முழு அசெம்பிளியைத்தான் மாற்ற வேண்டும். மாற்றினால் உயரமும் பார்க்க வேண்டும். சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தினால், லோ பீமின் (தாழ்வாக அடிக்கும் வெளிச்சம்) மேல்கோடு விளக்கின் நடுவை விட சுமார் 10 செ.மீ. கீழே விழ வேண்டும். இடது பக்கம் மட்டும் கோடு கொஞ்சம் மேலேறும், சாலை ஓரத்தைக் காட்டுவதற்காக. பின்சீட்டில் ஆள் நிறைந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். டேஷ்போர்டில் பீமை இறக்கும் திருகு இருந்தால் அப்போது இறக்கி வையுங்கள்.