சிவப்பு மையால் இழுத்த ஒரு கோடு

2006-ஆம் ஆண்டு மே 8-ஆம் தேதி, தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல் நாளன்று பிற்பகல் மூன்று மணியளவில், நான் முதலாம் வாக்குப்பதிவு அலுவலராக அமர்ந்திருந்த ஒரு தொடக்கப் பள்ளி வகுப்பறைக்குள் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் வந்தார். அவர் கொடுத்த சீட்டைப் பார்த்து வரிசை எண்ணைப் பட்டியலில் தேடினேன். அந்த எண்ணுக்குரிய பெட்டியில் காலையிலேயே சிவப்பு மையால் கோடு இழுக்கப்பட்டிருந்தது. இழுத்தது என் கைதான். “உங்க ஓட்டு பதிவாயிடுச்சேம்மா” என்றேன். அவர் பதில் சொல்லாமல் இடது கையை நீட்டி, விரல்களை விரித்துக் காட்டினார். ஒரு விரலிலும் மை இல்லை.

அரசுப் பள்ளி ஆசிரியராக இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்தல் பணிக்குச் சென்று வருகிறேன். 1998-இல் மக்களவைத் தேர்தலுக்கு முதன்முதலாகப் போனபோது, வாக்குச்சீட்டை முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் மடித்துக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. முத்திரையின் ஈரம் அடுத்த வேட்பாளரின் கட்டத்தில் ஒட்டிக்கொண்டால் அந்த வாக்கு செல்லுமா செல்லாதா என்ற வழக்கு எழும் என்பதால்தான் அந்த மடிப்புக்குக்கூட ஒரு முறை வகுத்திருந்தார்கள். பிறகு மின்னணு இயந்திரம் வந்தது, வாக்கு யாருக்குப் பதிவானது என்று அச்சிட்டுக் காட்டும் ஒப்புகைச் சீட்டு இயந்திரம் வந்தது, வாக்காளர் பட்டியலில் புகைப்படம் வந்தது. இத்தனை மாற்றங்களைக் கண்ட பிறகும், தேர்தல் என்றவுடன் என் மனத்தில் முதலில் எழுவது மை படாத அந்த விரல்கள்தான்.

வாக்குச்சாவடியில் ஒவ்வொருவர் வேலையும் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. முதலாம் அலுவலரிடம் வாக்காளர் பட்டியலின் குறியீட்டுப் பிரதி இருக்கும். அவர் வந்தவரை அடையாளம் கண்டு, வரிசை எண்ணையும் பெயரையும் உரக்க வாசித்து, பட்டியலில் குறியிட வேண்டும். இரண்டாம் அலுவலர் விரலில் அழியாத மை வைத்து, வாக்களிக்க வந்தவர்களைக் குறிக்கும் 17-ஏ பதிவேட்டில் கையொப்பமோ கைநாட்டோ பெற்று, ஒரு சிறு சீட்டை எழுதிக் கொடுப்பார். மூன்றாம் அலுவலர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தானை அழுத்தினால் மட்டுமே மறைவிடத்தில் இருக்கும் கருவி ஒரே ஒரு வாக்குக்குத் திறக்கும். இவர்கள் மூவருக்கும் மேலே தலைமை அலுவலர் இருப்பார். எதிர்வரிசையில் வேட்பாளர்களின் முகவர்கள் தத்தம் பட்டியலை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். நாங்கள் உரக்க வாசிப்பது அவர்களுக்காகத்தான். அவர்கள் தங்கள் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்து, ஊர்க்காரர்கள் என்பதால் முகத்தையும் பார்த்து, ஆட்சேபம் இருந்தால் அந்த நொடியிலேயே சொல்ல முடியும்.

அன்று எங்கள் கைக்கு வந்திருந்த பட்டியலில் புகைப்படம் கிடையாது. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது ஆகியவைதான் இருந்தன. அந்த ஊரிலோ குலதெய்வத்தின் பெயரைப் பெண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பெண்மணியின் பெயருக்கு மூன்று வரிசை கீழே அதே பெயரில் இன்னொருவர் இருந்தார். ஒருவரின் கணவர் கருப்பையா, மற்றவரின் கணவர் கருப்பசாமி. காலை பத்து மணி நெரிசலில், வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை நீண்டிருந்த நேரத்தில், வந்தவரின் பெயரை மட்டும் வாசித்துவிட்டு, கணவர் பெயரைப் பாராமல், மேலே இருந்த பெட்டியில் கோடு இழுத்திருக்கிறேன். முகவர்களில் இருவரும் நான் வாசித்த எண்ணையே தங்கள் பட்டியலிலும் குறித்திருந்தார்கள். ஒரு தவறை உரக்கச் சொன்னதால் அது மூன்று பட்டியல்களில் ஏறிவிட்டது.

தலைமை அலுவலர் வேறொரு துறையிலிருந்து வந்திருந்த மூத்தவர். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. 17-ஏ பதிவேட்டைத் திருப்பி அந்த வரிசை எண்ணைத் தேடினார். அங்கே சற்றே நடுங்கிய எழுத்தில் ஒரு கையொப்பம் இருந்தது. “அம்மா, கையெழுத்துப் போடுவீங்களா?” என்று கேட்டார். “ரேகைதானுங்க வெப்பேன்” என்றார் அந்த அம்மா. மூன்று வரிசை கீழே இருந்த பெட்டி வெறுமையாக இருந்ததை அவர் விரல் வைத்துக் காட்டியபோதுதான் நடந்தது என்னவென்று அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. முகவர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள். ஊரில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாத இரண்டு கட்சிக்காரர்கள், “இவங்கதான் கருப்பையா வீட்டம்மா, எங்களுக்குத் தெரியும்” என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

இப்படி நேரும் என்பதைச் சட்டம் முன்பே எண்ணிப் பார்த்து வைத்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 49-பி (49P) என்ற விதி, தன் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்துவிட்டதாகக் காணும் வாக்காளர், கேள்விகளுக்கு நிறைவான பதில் தந்தால், ஆய்வுக்குரிய வாக்கு அளிக்க உரிமை உண்டு என்கிறது. அது இயந்திரத்தில் பதிவாவதில்லை. அதற்கென்று தரப்பட்டிருக்கும் காகித வாக்குச்சீட்டில் முத்திரை குத்தி, தலைமை அலுவலரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைத் தனி உறையில் இட்டு மூடுவார். சீட்டை வாங்கிக்கொண்ட அம்மா, “இது அந்தப் பெட்டியில இருக்கிறதோட சேத்து எண்ணுவாங்களா?” என்று கேட்டார். அறை அமைதியாக இருந்தது. எளிதாக ‘ஆமாம்’ என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். தலைமை அலுவலர், “இல்லம்மா. வழக்கு வந்து கோர்ட்டு கேட்டாத்தான் இதைப் பிரிப்பாங்க” என்றார். அந்த அம்மா சற்று நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மறைவிடத்துக்குள் சென்று, முத்திரை குத்தி, நான்காக மடித்து, முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தார். விரலில் மை வைத்துக்கொண்டார். என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்த உறை அப்படியே முத்திரையிடப்பட்டுக் கருவூலக் காப்பறைக்குப் போயிருக்கும். முடிவு வெளியான நாளிலிருந்து 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு தொடரப்படாவிட்டால் அதை யாரும் பிரிக்கப்போவதில்லை. ஒரு வாக்குதானே என்று என்னைத் தேற்றியவர்கள் உண்டு. 2004-இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளித் தொகுதியிலும், 2008-இல் இராஜஸ்தானத்தின் நாத்வாராத் தொகுதியிலும் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்வானார்கள். ஆனால் அந்தத் தொகுதிகளை நான் கணக்குக்காகச் சொல்லவில்லை. எங்கள் தொகுதியில் வித்தியாசம் ஆயிரக்கணக்கில் இருந்திருந்தாலும், வெயிலில் நடந்து வந்த ஒருவரின் எண்ணப்பட வேண்டிய வாக்கை எண்ணப்படாத வாக்காக ஆக்கியது என் அவசரம்தான்.

பிற்காலத்தில் பயிற்சி வகுப்புகளில் உட்காரும்போது, பெயர் என்ற ஒன்றைச் சுற்றித்தான் இந்த அமைப்பே நிற்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. 1951-52-இல் நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, வட மாநிலங்கள் பலவற்றில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவு செய்திருந்தார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையரான சுகுமார் சென் அத்தகைய பதிவுகளை ஏற்க மறுத்தார். பெயரைத் தராதவர்களில் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் அந்தத் தேர்தலில் பட்டியலுக்கு வெளியே நிற்க நேர்ந்தது. கடுமையான முடிவுதான். அவர் வேறு வழியைக் கண்டிருக்கலாமே என்று நினைப்பேன். அதே வேளையில், பெயர் இல்லாமல் பதிவாகியிருந்தால் அந்தப் பெண்களின் இடத்தில் யார் வந்து நின்றாலும் தடுத்திருக்க முடியாது என்பதும் நினைவுக்கு வரும். அடுத்த தேர்தலுக்குள் அவர்களில் மிகப் பலரின் பெயர் சேர்க்கப்பட்டது.

2011-இலிருந்து நானே தலைமை அலுவலராகச் செல்கிறேன். எந்த ஊர், எந்தப் பள்ளி என்பது முந்தைய நாள் ஆணை கையில் கிடைக்கும்வரை தெரியாது. கணினிக் குலுக்கலில்தான் குழு சேர்கிறது. சில பள்ளிகளில் இரவு தங்கும் பெண் அலுவலர்களுக்கு முறையான கழிப்பறைகூட இருப்பதில்லை. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன், இனியும் கொடுப்பேன்.

மக்களவைத் தேர்தல் நாளான 2024 ஏப்ரல் 19-ஆம் தேதி அதிகாலை ஐந்தரை மணிக்கு மாதிரி வாக்குப்பதிவைத் தொடங்கினோம். வாக்குப்பதிவு ஏழு மணிக்கு. அதற்கு முன் குறைந்தது 50 வாக்குகளை, நோட்டா உட்பட ஒவ்வொரு பொத்தானுக்கும் விழும்படி, முகவர்களின் கண்முன்னே போட்டுக் காட்ட வேண்டும். ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடிகள் நின்று விழும். பிறகு இயந்திரத்தின் கணக்கையும் சீட்டுகளின் கணக்கையும் ஒப்பிட்டுக் காட்டி, முடிவை முழுவதுமாக அழித்து, மொத்தம் பூச்சியம் என்று திரையில் தெரிவதை ஒவ்வொரு முகவரையும் குனிந்து பார்க்கச் சொல்வேன். அழிக்க மறந்துவிட்ட வாக்குச்சாவடிகள் உண்டு. அங்கே இயந்திரத்தின் கணக்கும் பதிவேட்டின் கணக்கும் ஒத்துப்போகாமல், எண்ணிக்கை நாளில் அந்த இயந்திரத்தை ஒதுக்கி வைக்க நேரிடும். அன்று இளைஞரான ஒரு முகவர், “நம்பறோம் சார், போதும்” என்று சொல்லிக் கையொப்பமிடப் போனார். “நம்ப வேண்டாம் தம்பி, பாத்துட்டுப் போடுங்க” என்றேன். என்னை நம்புவதற்காக அவரை வேட்பாளர் அனுப்பவில்லை. இயந்திரத்தை மூடி முத்திரையிடும் பச்சை நிறத் தாளில் அவர் போட்ட கையொப்பம் எண்ணிக்கை நாளில் இன்னொரு முகவரின் கண்ணுக்குப் படும். அப்போது அது வெறும் சடங்காக இருக்கக் கூடாது.

முதலாம் அலுவலராக வந்திருந்தவர் பணியில் சேர்ந்து இரண்டே ஆண்டுகளான ஆசிரியை. முந்தைய இரவு அவரிடம் 2006-இல் நடந்ததைச் சொல்லி, எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர் ஆகிய மூன்றையும் வாசித்து, வந்தவர் தலையசைத்த பிறகே பேனாவைத் தொட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். இப்போது பட்டியலில் புகைப்படம் இருக்கிறது. ஆனால் தபால்தலை அளவில் கறுப்பு வெள்ளையில் அச்சான அந்தப் படத்தை நம்பி ஒரு கோட்டை இழுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஒன்பது மணி அறிக்கை கொடுக்கும்போது எங்கள் சதவீதம் பக்கத்து அறையைவிடக் குறைவாக இருந்தது. “அந்த பூத்துல மடமடன்னு போகுது சார், இங்க இழுக்குது” என்று முகவர்கள் குறைப்பட்டார்கள். கூடுதலாகச் செலவாவது ஆளுக்கு நான்கைந்து நொடிகள்தான் என்றாலும், வெயிலில் நிற்பவருக்கு அது கணக்குத்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதியவர்களையும் கைக்குழந்தையோடு வந்தவர்களையும் முன்னால் விட்டு, திண்ணையில் நாற்காலிகள் போட்டுச் சமாளித்தோம்.

மாலை ஆறு மணி ஆனபோது வரிசையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் நின்றிருந்தார்கள். ஆறு மணிக்குள் வரிசைக்கு வந்துவிட்ட எவருக்கும் வாக்குரிமை உண்டு. நான் வெளியே சென்று, வரிசையின் கடைசியில் நின்றவருக்கு ஒன்றாம் எண் சீட்டைக் கொடுத்து, அங்கிருந்து முன்னோக்கி எண்ணிட்டு வந்தேன். முன்னாலிருந்து கொடுத்தால், கொடுத்து முடிப்பதற்குள் பின்னால் பத்துப் பேர் சேர்ந்துவிடுவார்கள். இந்தச் சிறு ஏற்பாட்டை யார் முதலில் யோசித்தார்களோ, அவர் ஒரு வரிசையில் நின்று பழகியவராக இருக்க வேண்டும்.

அந்தச் சீட்டுக்காரர்களில் ஒருவர் அறைக்குள் வந்தபோது, ஆசிரியை எண்ணையும் பெயரையும் வாசித்துவிட்டு, “கணவர் பெயர் முருகேசன்” என்றார். வந்தவர், “இல்லீங்க, முருகன்” என்றார். ஆசிரியை பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, விரலை மெல்ல அடுத்த பக்கத்துக்கு நகர்த்தினார். முகவர்கள் இருவரும் தங்கள் பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது. “இங்கே இருக்கு சார்” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, புதிய எண்ணை மறுபடியும் முதலிலிருந்து உரக்க வாசித்து, அந்த அம்மா தலையசைத்த பிறகு கோட்டை இழுத்தார்.