கொழுக்கட்டைப் புல்லும் டிரெய்லர் சங்கிலியும்

அரிசோனாவின் சொனோரன் பாலைவனத்தில் மலைப்பாதைகளைப் பராமரிக்கிறவர்கள் தீயோடு மல்லுக்கட்ட அதிகம் எடுக்கும் கருவி கடப்பாரை. விமானம் செந்நிறத் தீத்தடுப்பு மருந்தைக் கொட்டுவது தொலைக்காட்சியில் வரும், கடப்பாரை வராது.

அந்தப் பாலைவனம் எரிந்து பழகியதில்லை. சகுவாரோ கள்ளிக்கும் பாலோ வெர்டே மரத்துக்கும் நடுவே வெறும் மண்ணும் கல்லும்தான். மின்னல் விழுந்து ஒரு புதர் பற்றினாலும் பெரும்பாலும் அந்தப் புதரோடு முடிந்துவிடும். அந்த இடைவெளியை அடைத்தது ஒரு புல். அங்கே பஃபல்கிராஸ் என்பார்கள். காங்கேயம் பக்கத்துக்காரர்களுக்கு அது கொழுக்கட்டைப் புல். கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலிக்குள் மாடு மேய்ந்து மேய்ந்து அது அளவோடு நிற்கும். அரிசோனாவுக்கும் அதை மாட்டுத் தீவனம், மண்ணரிப்புத் தடுப்பு என்று 1930, 40-களில் மனிதர்களேதான் கொண்டுபோனார்கள். மலைச்சரிவில் அதை மேய ஆளில்லை. ஜூன் மாதத்தில் இடுப்பளவு வைக்கோல், கள்ளியின் அடியைச் சுற்றி நெருக்கமாக. 2005-இல் மாநில அரசு அதைத் தீய களைகள் பட்டியலில் சேர்த்தது.

பிடுங்குவதில் ஒரு முறை இருக்கிறது. தோகையைப் பிடித்து இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு போன்ற அடிக்கட்டை மண்ணிலேயே தங்கி மறுபடி தழைக்கும். கடப்பாரையைத் தூருக்கு ஒரு சாண் தள்ளி, சாய்வாக அடிக்கட்டைக்குக் கீழே இறக்கி நெம்ப வேண்டும். வெளியே வந்ததும் வேரில் உள்ள மண்ணைத் தட்டி உதிர்த்து, தோகையைப் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். மழை பெய்து மண் இளகிய மறுவாரம் இந்த வேலை பாதி சிரமத்தில் முடியும். களைக்கொல்லி அடிப்பதானால் கோடை மழைக்குப் பின் புல் பச்சையாக இருக்கும் சில வாரங்கள்தான் கணக்கு. காய்ந்த புல்லில் அடித்த மருந்து வேருக்கு இறங்காது, காசுக்குக் கேடு. விதை மண்ணில் சில ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால் ஒரே சரிவுக்கு வருடாவருடம் திரும்பிப் போக வேண்டும். நடக்க வருகிறவர்களின் காலுறையிலும் ஷூ நாடாவிலும் ஒட்டிக்கொண்டு பயணிக்கிற விதை அது. வண்டியில் ஏறும் முன் ஒரு பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுப் போனாலே பெரிய உதவி.

புல்தான் விறகு. பொறி எங்கிருந்து வருகிறது? அமெரிக்கக் காட்டுத்தீயில் நூற்றுக்குச் சுமார் 85 மனிதரால் மூள்வது. சிகரெட்டையும் கூடாரக்காரர்களையும் திட்டுவது எளிது, ஆனால் பாலைவனத்தில் கவனிக்க வேண்டிய இடம் நெடுஞ்சாலை ஓரம். தார் ரோட்டில் விழும் மழை ஓரத்துக்கு வழிவதால் அங்கேதான் புல் மற்ற இடங்களைவிட உயரமாக வளரும். படகு ஏற்றிய டிரெய்லரின் பாதுகாப்புச் சங்கிலி தொங்கித் தரையில் உரசினால் போகிற வழியெல்லாம் பொறி. ஒரே வண்டி பல இடங்களில் வரிசையாகத் தீ வைத்துவிட்டு, ஓட்டுநருக்குத் தெரியாமலே ஏரிக்குப் போய்ச் சேரும். சங்கிலி இரண்டையும் இணைப்புக் கம்பிக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். வளைவில் திரும்ப இடம் விட்டு, தரையில் படாத நீளம் இருக்க வேண்டும். கயிற்றால் தூக்கிக் கட்டுவது தேய்ந்து அவிழ்ந்துவிடும். வெடித்த டயரோடு ரிம்மில் ஓட்டுவது, மலையேறிச் சூடான வண்டியைக் காய்ந்த புல்மேல் நிறுத்துவது, இவையும் இதே கணக்குத்தான். 2020 ஜூன் 13-ஆம் தேதி புஷ் நெடுஞ்சாலையும் 87-ஆம் எண் மாநிலச் சாலையும் சேரும் இடத்தருகே ஒரு வாகனம் தீப்பிடித்தது. அந்தத் தீ ஃபோர் பீக்ஸ் மலைகளுக்குள் ஏறி 1,93,455 ஏக்கரைத் தின்றது. அரிசோனா டிரெயில் என்ற நெடும் நடைபாதை அந்த மலை வழியாகத்தான் போகிறது.

நடப்பவர்களும் சும்மா இல்லை. 2022 ஜூனில் ஃபிளாக்ஸ்டாஃப் அருகே ஒருவர் மலம் துடைத்த காகிதத்தைக் கொளுத்திக் கல்லுக்கடியில் வைத்தார். மறுநாள் பெருந்தீ, 26,000 ஏக்கருக்கு மேல் போயிற்று. காகிதத்தைக் கொளுத்துவது சுத்தம் என்று இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. பையில் போட்டுத் திரும்ப எடுத்து வருவது ஒன்றே வழி.

விறகு நெருப்பைப் பற்றி நீண்ட வாதம் தேவையில்லை, தண்ணீர்க் கணக்கு போதும். ஜூனில் ஒருவர் முதுகில் ஐந்தாறு லிட்டர் இருக்கும், அதுவும் குடிக்க. மெஸ்கீட் மரக் கட்டையின் தணலைப் புறங்கையால் தொடுமளவு குளிரவைக்க ஒரு குடமாவது ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்ற வேண்டும். மண்ணைப் போட்டு மூடினால் கங்கு உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும், மறுநாள் மதியக் காற்று மண்ணைத் தள்ளிவிடும். அதனால்தான் நெருப்பு மூட்டத் தடை உள்ள காலத்திலும் திறந்து மூடும் வால்வு உள்ள கேஸ் அடுப்பை அனுமதித்து, ஆல்கஹால் அடுப்பை விடுவதில்லை: கவிழ்ந்தால் பின்னதை அணைக்க வழியில்லை.

புகைக்கு வருவோம். பகலில் சரிவு சூடேறி, புகை மேலே போகும். இரவில் குளிர்ந்த காற்றோடு அது பள்ளத்தாக்குக்குள் இறங்கித் தேங்கும். வெயிலுக்குப் பயந்து விடியற்காலையில் ஏறத் தொடங்குகிறவர்கள் சரியாக அந்த நேரத்தில் அந்தப் பள்ளத்தில்தான் இருப்பார்கள். ஊருக்குள் இருக்கும் கருவி காட்டும் காற்றுத் தரம் மலையிடுக்குக்குப் பொருந்தாது. நியூ மெக்சிகோவில் சொல்லித்தரும் ஐந்து-மூன்று-ஒன்று முறை கைக்கு உதவும்: தூரம் தெரிந்த ஒரு சிகரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து மைல் தெளிவாகத் தெரியாவிட்டால் குழந்தைகள், முதியவர்கள், ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் வெளிவேலையைக் குறைக்க வேண்டும்; மூன்று மைல் என்றால் அவர்கள் உள்ளே போக வேண்டும்; ஒரு மைல் என்றால் எல்லோரும். என்95 முகமூடி நுண்துகளைப் பிடிக்கும், கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. தாடி இருந்தால் துகளையும் சரியாகப் பிடிக்காது.

தூரத்தில் தெரிவது தூசிச் சுழலா, புகையா என்ற குழப்பம் அடிக்கடி வரும். தூசி நகரும், கலைந்துவிடும். புகை ஒரே இடத்திலிருந்து கிளம்பிக்கொண்டே இருக்கும். அவசர உதவி எண்ணான 911-க்குச் சொல்லும்போது பாதையின் பெயர், கடைசியாகத் தாண்டிய பிரிவுப் பலகை, புகையின் நிறம், எந்தப் பக்கம் சாய்கிறது என்ற நான்கும் வேண்டும். பள்ளத்தில் சிக்னல் இருக்காது, ஆனால் சிக்னலுக்காகத் தீக்கு மேலே உள்ள சரிவில் ஏறவே கூடாது. சாய்வு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்களின் பொதுக் கணக்கு. காய்ந்த புல்லில் அது எப்படி ஏறும் என்பதைக் குரங்கணியில் 2018 மார்ச்சில் பார்த்தோம். ஒடுங்கிய கணவாய் புகைபோக்கி மாதிரி இழுக்கும். அகலமான மணல் ஓடை, வெறும் பாறை, ஏற்கெனவே எரிந்து கறுத்த நிலம், இவைதான் ஒதுங்கும் இடம். இடிமேகம் தென்பட்டால் காற்று எந்த நிமிடமும் திசை மாறலாம். 2013 ஜூன் 30 அன்று அரிசோனாவின் யார்னெல்லில் 19 பயிற்சி பெற்ற தீயணைப்பாளர்களை அப்படித் திரும்பிய காற்றுதான் மடக்கியது.

தீ அணைந்த பிறகும் பாதை மாதக்கணக்கில் மூடியிருப்பதைப் பலர் அதிகார மிடுக்கு என்று நினைக்கிறார்கள். கட்டை எரிந்து வேர்வழியே பூமிக்குள் கனன்ற குழிகள் மேலே வெள்ளைச் சாம்பல் மூடிச் சமதளம் போலக் கிடக்கும். கால் வைத்தால் முழங்கால்வரை தணல். பாதையின் கீழ்விளிம்பைத் தாங்கிய புதர் எரிந்துபோனதால் முதல் கோடைமழையிலேயே மண் சரியும். சகுவாரோ நிமிர்ந்து பச்சையாகவே நிற்கும், அடித்தோல் வெந்தது மட்டும் தெரியும், பல ஆண்டு கழித்துச் சாயும். முதல் கை (பக்கக் கிளை) முளைக்கவே அதற்கு ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகும். மழைக்குப் பின் அந்தக் கருஞ்சரிவில் முதலில் துளிர்த்துப் பச்சை காட்டுவது கொழுக்கட்டைப் புல். மருந்தடிக்கவும் கடப்பாரை போடவும் அப்போது சில வாரங்கள்தான் அவகாசம்.