மணலுக்கு அடியில் மீன்

மாமாவின் ஃபைபர் படகில் இருந்த பழைய ஆழமானியின் திரை உப்புக் காற்றில் அரித்து, எண்கள் பாதி பாதியாகத் தெரியத் தொடங்கி, கடைசியில் ஒன்றுமே தெரியாமற் போனபோது, அதைக் கழற்றி எறிவதில் எவருக்கும் மனத்தடை இருக்கவில்லை. சிக்கல் அதனோடு சேர்ந்திருந்த, ஒலியை நீருக்குள் அனுப்பி அதன் எதிரொலியை வாங்குகிற ட்ரான்ஸ்டியூசரில்தான் இருந்தது. படகின் பின்பலகைக்கு வெளியே பூட்ட வேண்டிய அந்தச் சாமானை, மணலில் இழுக்கும்போது உடைந்துவிடும் என்ற முன்யோசனையோடு, யாரோ ஒரு மேசன்பாஸ் படகின் உட்புறத்தில் அடித்தட்டோடு எப்பொக்சி பசையால் ஒட்டியிருந்தார். அடித்தட்டு இடையில் பலகையோ நுரையோ இல்லாத கனமான ஃபைபராகவும், பசைக்குள் காற்றுக் குமிழி இல்லாமலும் இருந்தால், ஒலி அதனூடாகச் சற்றே பலம் குறைந்தாலும் போய் வந்துவிடும். அந்த மட்டில் அவருடைய வேலை சரியானதே. ஆனால் அதைக் கழற்றுவதானால் படகின் அடியையும் சேர்த்துத்தான் கழற்ற வேண்டும்.

இந்த நிலையில் ஒஸ்லோவில் இருக்கும் மச்சான், அங்கே யாரோ விற்ற, ஆழத்தோடு மீனையும் காட்டுகிற ஒரு பிஷ் பைண்டரைத் திரையும் மின்வயரும் மட்டுமாக, ட்ரான்ஸ்டியூசர் இல்லாமல், மலிவாக வாங்கி அனுப்பிவைத்தார். பழையது ஒரு கம்பனி, புதியது வேறு கம்பனி. வானொலி, தொலைக்காட்சி திருத்துகிற ஒரே காரணத்தால் இரண்டையும் பொருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நான் திருகோணமலையின் திருக்கடலூர்க் கரைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே மாமா பொறுமை இழந்து, பற்றரியின் இரண்டு முனைகளில் மின்வயரைக் கொடுத்துக் கருவியை இயக்கிவிட்டிருந்தார். போனபோது படகைச் சுற்றிப் பெரிய கூட்டம். திரையில் முப்பது மீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஆழம், மேடும் பள்ளமுமான அடித்தளம், அதன்மேல் பெரிதும் சிறிதுமாக மீன்கள் இடைவிடாமல் நகர்ந்துகொண்டிருந்தன. மாமா பெருமையோடு, "பாத்தியா தம்பி, வயர் கூடக் குடுக்கேல்ல, அதுக்குள்ள எவ்வளவு மீன் காட்டுது!" என்றார். படகோ கரையில் கட்டைகளின்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. மணலுக்குக் கீழே முப்பது மீற்றரில் மீன் ஓடுவதைப் பற்றி அங்கிருந்த எவருக்கும் ஐயம் எழவில்லை என்று சொன்னால் அது அநியாயம்; ஒரு முதியவர் மட்டும், "தோண்டிப் பாப்பமோ?" என்று கேட்டார்.

ட்ரான்ஸ்டியூசர் இணைக்கப்படவில்லை என்று கண்டால், கடைக் கண்ணாடிக்குள் வைத்து வாடிக்கையாளருக்குக் காட்டும் பாவனைக் காட்சிக்குத் தானாகவே போய்விடும்படி சில கருவிகள் அமைக்கப்பட்டுள்ளன என்பதை நான் விளக்கியபோது, கூட்டத்தின் பாதி என்மேல் மனத்தாங்கலோடு கலைந்தது. மீதிப் பாதி ஆலோசனை சொல்வதற்காக நின்றது.

முதல் ஆலோசனை பிளக்கைப் பற்றியது. இரண்டும் வட்டமானவை, ஏறத்தாழ ஒரே பருமன். ஆகவே கொஞ்சம் அழுத்தினால் போய்விடும் என்பது பொதுக் கருத்து. அழுத்தினால் ஊசிகள்தான் வளையும். ஒவ்வொரு கம்பனியும் தன் ஊசிகளைத் தன் விருப்பப்படி எண்ணியும் ஒழுங்குபடுத்தியும் வைத்திருப்பதால், பிளக் பொருந்துகிறது என்பதற்கும் உள்ளே உள்ளவை பொருந்துகின்றன என்பதற்கும் தொடர்பே இல்லை. "கறுப்பைக் கறுப்போட குடு, நீலத்தை நீலத்தோட குடு" என்ற இரண்டாவது ஆலோசனைக்கும் இதே மறுமொழிதான். வயரின் நிறத்தை நம்பாமல், இரு கருவிகளின் கையேட்டு வரைபடங்களைப் பார்த்துத்தான் இணைக்க வேண்டும். கையேடு என்ற சொல்லைக் கேட்டதும் ஆலோசகர்களிற் பலருக்கு வலை காயப்போட்டது நினைவுக்கு வந்தது.

உண்மையில் பொருந்த வேண்டியது அதிர்வெண். ட்ரான்ஸ்டியூசருக்குள் இருப்பது ஒரு பீங்கான் வில்லை. அழுத்தினால் மின்சாரம் தருகிற, மின்சாரம் கொடுத்தால் அதிர்கிற தன்மை அதற்கு உண்டு. சில படிகங்களில் அழுத்தம் மின்னாவதை 1880 இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். வில்லையின் அளவைப் பொறுத்து அதற்கென்று ஓர் அதிர்வெண் இருக்கிறது. ஊஞ்சலை அது வந்து திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் உயரப் போகும், நேரம் தப்பித் தள்ளினால் தள்ளுகிறவரின் கைதான் நோகும். மாமாவின் பழைய ட்ரான்ஸ்டியூசரின் வயரில் ஒட்டியிருந்த சீட்டை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பார்த்தபோது, 50 மற்றும் 200 கிலோஹேர்ட்ஸ் என்பதும், 600 வாற் என்பதும் மங்கலாகத் தெரிந்தன. ஒஸ்லோவிலிருந்து வந்த கருவியோ 83 மற்றும் 200 கிலோஹேர்ட்ஸில் இயங்குவது. ஆகவே 200 இல் இரண்டும் ஒத்துப்போகும். 83 இல் ஒருபோதும் ஒத்துப்போகாது.

வலுவைப் பற்றியும் ஒரு வாக்குவாதம் நடந்தது. கருவியின் பெட்டியில் 4000 வாற் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்ததால், மாமா அதைத் தன் வீட்டு நீர்ப்பம்பியோடு ஒப்பிட்டு, இதை ஓட்டினால் பற்றரி அரைமணி நேரத்தில் செத்துவிடும் என்று கவலைப்பட்டார். அது மின்னலையின் மேலுச்சியிலிருந்து கீழுச்சிவரை, உச்சிக்கு உச்சி அளந்த கணக்கு. எட்டால் வகுத்தால் வருகிற 500 வாற்தான் மற்றக் கம்பனிகள் சொல்கிற கணக்கோடு ஒப்பிடத் தக்கது. அதுவும் கண நேரத் துடிப்பாக மட்டுமே வெளியேறுவது. 600 வாற் தாங்குகிற வில்லைக்கு இதனால் ஆபத்தில்லை. எட்டால் வகுத்ததைக் கேட்ட மாமா, மச்சானை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்ற முடிவுக்கு வந்தார்.

இதற்கிடையில் அயல் வளவைச் சேர்ந்த, வீடுகளுக்கு வயரிங் செய்யும் அண்ணை ஒருவர் தம் மல்ரிமீற்றரைக் கொண்டுவந்து, ட்ரான்ஸ்டியூசரின் இரு வயர்களிலும் வைத்துப் பார்த்து, முள் அசையாததால், "இது செத்துப் போச்சு" என்று தீர்ப்பளித்துவிட்டார். பீங்கான் வில்லை மின்னைச் சேமிக்கும் கொள்ளளவி என்பதால் நேர்மின்னோட்டம் அதனூடாகப் போகாது. உள்ளே மின்மாற்றி சேர்க்கப்படாத வகை ட்ரான்ஸ்டியூசரில் ஓம் அளவு காட்டாதிருப்பதே ஆரோக்கியத்தின் அடையாளம். இதைச் சொல்லால் நிறுவ முடியாது என்று தெரிந்ததால், வயர்களைத் தற்காலிகமாக முறுக்கிக் கருவியை இயக்கிவிட்டு, அடித்தட்டில் காதை வைக்கச் சொன்னேன். 200 கிலோஹேர்ட்ஸ் மனிதக் காதுக்கு எட்டாதுதான். ஆனால் துடிப்பு ஒவ்வொன்றும் தொடங்கி முடிகிற 'டிக், டிக்' ஓசை கேட்கும். மாமா படகுக்குள் குப்புறப் படுத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, "நாடி இருக்குது" என்று அறிவித்தார். அதன்பின் வரிசை வைத்து ஒவ்வொருவராகக் கேட்டார்கள். தீர்ப்பளித்த அண்ணைக்குக் கடைசியாகத்தான் இடம் கிடைத்தது.

இணைப்பு வேலையில் சொல்ல அதிகம் இல்லை. புதிய கருவியின் பிளக்கோடு வந்த துண்டு வயரைப் பழைய வயரோடு ஈயம் வைத்து ஒட்டி, வெளிச்சுற்றான கவசக் கம்பி எங்கும் அறுபடாதவாறு சேர்த்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடி, எஞ்சின் வயர்களிலிருந்து தள்ளிக் கட்டினேன்.

கடலில் இறக்கி, கோணேசர் மலையைச் சுற்றி டச்சு விரிகுடாப் பக்கம் போனோம். மாமா ஓர் இடத்தில் எஞ்சினை நிறுத்தி, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, சரியாக ஐந்து பாகம் என்றார். ஒரு பாகம் ஆறு அடி. திரையில் 60 என்று இருந்தது. மாமாவின் முகத்தில் இருந்த திருப்தியை என்னால் வர்ணிக்க முடியாது. நாற்பது ஆண்டுகளாகத் தாம் அறிந்த இடத்தில் ஓர் இயந்திரம் தோற்பதை அவர் நேரிற் கண்டார். ஒலி கடல்நீரில் செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் போவதால், ஐந்து பாகத்துக்குப் போய்த் திரும்ப 12 மில்லி செக்கன் போதும். ஆனால் உணர்திறனை அளவுக்கு மீறிக் கூட்டி வைத்திருந்தால், அடியிலிருந்து வந்த எதிரொலி நீர்மட்டத்தில் பட்டு மீண்டும் அடிக்குப் போய்வருவதையும் கருவி பொறுக்கி எடுத்து, ஆழத்தை இரட்டிப்பாகச் சொல்லிவிடும். உணர்திறனைக் குறைத்தேன், 60 என்பது 30 ஆயிற்று. அது அடிக் கணக்கு என்பதைக் கண்டு, அளவையைப் பாகத்துக்கு மாற்றினேன். 30 என்பது 5 ஆயிற்று. மாமா கயிற்றைச் சுருட்டியவாறு, "பொத்தானை அமத்த அமத்தக் கடல் வத்துது" என்றார்.

வெப்பநிலை மட்டும் 14 பாகை என்று நின்றது. திருகோணமலைக் கடல் ஒருநாளும் அவ்வளவு குளிர்வதில்லை. ட்ரான்ஸ்டியூசர் உள்ளே ஒட்டியிருந்ததால் அதன் வெப்ப உணரி கடலைத் தொடவில்லை. ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகிப் படகின் அடியில் தேங்கிய தண்ணீரைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. ஐஸ் கரைகிற வேகத்தை இனித் திரையிலேயே பார்க்கலாம் என்பதில் மாமாவுக்கு மகிழ்ச்சி. அந்த ஒரு பயன்பாட்டை எந்தக் கையேட்டிலும் நான் கண்டதில்லை.

கொட்டியாரக் குடாப் பக்கம் திரும்பியதும் விளையாட்டு முடிந்தது. குடாவுக்குள்ளேயே வந்து நுழையும் கடலடிப் பள்ளத்தாக்கின் விளிம்பைத் தாண்டியதும், எண் சற்று நேரம் வேகமாக ஏறி, பிறகு கண்சிமிட்டத் தொடங்கி, இறுதியில் வெறும் கோடுகளாயிற்று. அதிர்வெண் கூடிய ஒலியைக் கடல்நீர் விரைவில் உறிஞ்சிவிடும். அத்தகைய ஆழத்துக்குக் குறைந்த அதிர்வெண் வேண்டும். 83 க்கு மாற்றினால், 50 க்கென்று செய்த வில்லை அதை ஏற்கவில்லை. திரை முழுவதும் புள்ளிகள் மட்டுமே மிஞ்சின. அந்தப் புள்ளிகளை மீன் என்று ஒருவரும் சொல்லாதபடி உடனே 200 க்குத் திருப்பிப் பூட்டிவிட்டேன்.

கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களும் கரையோரமும் 200 க்குள் அடங்கிவிடுவதால் மாமாவின் தொழிலுக்கு இது தாராளம். ஆயினும் அன்றிரவே ஒஸ்லோவுக்குத் தொலைபேசி எடுத்து, "நீ அனுப்பினதில பாதிதான் வேலை செய்யுது, மற்றப் பாதியக் கோயில் திருவிழாவுக்கு வரேக்க கையோட கொண்டு வா" என்று மச்சானிடம் சொல்லிவிட்டு, விவரம் கேட்டவரிடம் பேசும்படி தொலைபேசியை என் கையில் தந்துவிட்டுச் சாப்பிடப் போனார்.