பெரியப்பாவின் தண்ணீர்ப் பந்தலும் வற்றாப்பளைப் பொங்கலும்

பெரியப்பாவின் முதல் வருட ஆட்டைத் திவசம் சித்திரையில் முடிந்தது. துடக்கு என்கிற மரணத் தீட்டு 31ஆம் நாளோடு கழிந்துவிட்டாலும், எங்கள் வீட்டில் செத்த வீடு நடந்த வருடத்தில் திருவிழா, பொங்கல் என்று எதற்கும் போவதில்லை. அதனால் போன வைகாசிப் பொங்கலை வீட்டிலிருந்தே கும்பிட்டோம். இந்த வருடம் பெரியம்மா பங்குனி மாதமே சொல்லிவிட்டார், "இந்த முறை எல்லாரும் வாறியள், ஒருத்தரும் சாட்டுச் சொல்லக்கூடாது" என்று. அப்படித்தான் வான் பிடித்து யாழ்ப்பாணத்திலிருந்து முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலுக்குப் புறப்பட்டோம்.

பரந்தனில் திரும்பி, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் பாலம் என்று போகும் வீதியும் இருக்கிறது. பெரியப்பா உயிரோடு இருக்கும்போது எங்களை அந்த வழியால் கூட்டிப்போனதே இல்லை. ஏ9 வீதியால் நேரே வந்து முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, மாங்குளத்தில் கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, அதற்குப் பிறகுதான் முள்ளியவளை. குரக்கன் அறுத்த காணியில் தாளுக்குத் தீ வைத்தபோது லிங்கம் வெளிப்பட்டது என்பது ஒட்டுசுட்டான் கோயிலின் கதை. அந்தக் கதையை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வது போலவே சொல்வார், நாங்களும் கேட்போம். இந்த முறை அதை அண்ணாவின் மகனுக்குப் பெரியம்மா சொன்னார்.

முள்ளியவளைதான் பெரியப்பாவின் ஊர். வித்தியானந்தக் கல்லூரியில் படித்து, கொழும்புக்குப் போய் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இலிகிதராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்போது அந்த நிறுவனத்தின் பெரிய முகாமையாளர்களில் ஒருவராக இருந்தார். கார், சாரதி, குளிரூட்டிய அறை எல்லாம் இருந்த மனிதர். ஓய்வு பெற்றதும் பிள்ளைகள் கனடாவுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போய் ஒரு பனிக்காலம் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, போரில் கூரை போயிருந்த அப்பப்பாவின் வீட்டைத் திருத்திக் குடியேறினார். பிள்ளைகளில் பாசம் இல்லாமல் அப்படிச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை வைபரில் ஒவ்வொரு பேரப்பிள்ளையோடும் தனித்தனியாகப் பேசுவார், யாருக்கு எந்தப் பாடத்தில் என்ன புள்ளி என்பது அவருக்கு மனப்பாடம். பெரியம்மாவுக்கு முழங்கால் நோவு கூடிய பிறகு காலைச் சமையல் அவர்தான். அடுப்படியில் நின்று தேவாரம் பாடிக்கொண்டே தேங்காய் துருவுவார். சாமி கும்பிடுவதற்கென்று தனியாக ஒரு நேரம் ஒதுக்கி நான் அவரைக் கண்டதில்லை. நாள் முழுக்கவே அவருக்கு அப்படித்தான் போகும்.

சரி, பொங்கலுக்கு வருகிறேன்.

முல்லைத்தீவு வைகாசிப் பொங்கல் ஒரு நாள் விஷயம் என்று நினைத்துத்தான் வெளியூர்ச் சனம் வரும். அது முதலே தொடங்கிவிடும். பொங்கலுக்கான பாக்கைத் தெண்டிச் சேர்க்கும் பாக்குத்தெண்டல் சடங்கு நடக்கும். பிறகு சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, அதை முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து வைத்து, அந்த உப்புநீரில் விளக்கு எரிப்பார்கள். பொங்கல் வரைக்கும் ஒரு கிழமை அந்த விளக்கு அங்கே எரியும். ஞாயிற்றுக்கிழமை காட்டா விநாயகரில் பொங்கி, அங்கிருந்து அம்மனுக்குப் படைக்கும் மடைப்பண்டம் எடுத்துக்கொண்டு வற்றாப்பளைக்குப் போவார்கள். திங்கட்கிழமை அம்மனுக்குப் பொங்கல்.

உப்புநீர் விளக்குக்குக் காரணமான கதையை எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளையும் சொல்லும். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகை, நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்துக்கொண்டு நின்ற பொடியளிடம் ஒரு கிழவியாக வந்து, தங்க இடமும் சாப்பிடப் பொங்கலும் கேட்டாள். இருட்டியதும் விளக்குக்கு எண்ணெய் இல்லை என்று பொடியள் சொல்ல, கடல்நீரை எடுத்து ஊற்றிக் கொளுத்தச் சொன்னாள், விளக்கு எரிந்தது. தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்றாள். பார்த்தால் தலை முழுக்கக் கண்கள், ஆயிரம் கண்கள். பொடியள் பயந்து நிற்க, கிழவி மறைந்துவிட்டாள். யாழ்ப்பாணப் பக்கம் பல கண்ணகை கோயில்கள் காலப்போக்கில் ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறிவிட்டன. வன்னியில் அவள் கண்ணகையாகவே இருக்கிறாள் என்பதில் பெரியப்பாவுக்குச் சரியான பெருமை. எனக்கும்தான்.

அந்தக் கதையில் பெரியப்பா பிடித்துக்கொண்டது ஆயிரம் கண்ணை இல்லை. "வந்த கிழவி ஆரெண்டு பொடியளுக்குத் தெரியாது. தெரியாமல்தான் இடம் குடுத்தாங்கள், பொங்கிக் குடுத்தாங்கள். நீ அதைப் பார், பிள்ளை" என்பார். அவர் தண்ணீர்ப் பந்தல் போட்டது இந்த ஒரு எண்ணத்தில்தான்.

வைகாசியில் வன்னி எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சோளகக் காற்று புழுதியை வாரி அடிக்கும், கிணறுகள் அடி தெரியக் கிடக்கும், தார் வீதியில் வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களின் பாதம் கொப்பளித்துப் போகும். பால்செம்பு எடுப்பவர்கள், கற்பூரச்சட்டி ஏந்துபவர்கள், முதுகில் முள் ஏற்றித் தூக்குக்காவடியில் தொங்கி வருகிறவர்கள், அவர்களுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு வரும் தாய்மார். இவ்வளவு சனத்துக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டும், ஒதுங்க இடம் வேண்டும். பெரியப்பா ஊருக்கு வந்த புதிதில் கனடாவிலிருந்து சொந்தக்காரர் சிலர் கோயிலுக்கு மின்விளக்கு அலங்காரம் செய்யக் காசு சேர்த்து அவரிடம் கொடுக்கப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் இருந்தேன், தொலைபேசியில் அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "தம்பி, அம்மாளாச்சிக்கு வெளிச்சம் காணும். சனத்துக்குத்தான் தண்ணி காணாது." இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். மற்றவர்களின் காசில் தண்ணீர்த் தாங்கிகளும் பெண்களுக்கான மலசலகூடமும் வந்தன. பக்தி என்ற பெயரில் எங்கள் சனம் கோபுரத்துக்கும் தேருக்கும் அள்ளிக் கொடுப்பதையும், வரிசையில் மயங்கி விழுகிற கிழவிக்கு ஒரு கதிரை இல்லாமல் இருப்பதையும் நான் பல கோயில்களில் பார்த்துவிட்டேன், பெரியப்பா செய்தது சரி என்று எங்கேயும் சொல்வேன்.

முகாமையாளராக இருந்த பழக்கம் அவரை விடவில்லை. பந்தலுக்கு ஒரு சீ.ஆர். கணக்குக் கொப்பி. எத்தனை பவுசர் வண்டித் தண்ணீர், எத்தனை கிலோ சர்க்கரை, மோருக்குத் தயிர் எந்த வீட்டிலிருந்து, எந்தப் பொடியன் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். பிள்ளைகளின் கையில் தாய் தகப்பனின் தொலைபேசி இலக்கத்தைப் பேனையால் எழுதிவிடுவதற்கென்று இரண்டு பேர் தனியாக. கூட்டத்தில் பிள்ளை தவறிப்போய் ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுவது பொங்கலன்று ஓயாமல் நடக்கும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஒரு வருடம் பவுசர் வரவில்லை. வெயில் ஏறிவிட்டது, தாங்கி காலி. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்து வளவு அண்ணையின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் பீப்பாய்களை ஏற்றி, தானே கூட ஏறி இருந்து முள்ளியவளையில் வீடு வீடாகப் போய்க் கிணறுகளில் இறைத்துக் கொண்டுவந்தார். எழுபது வயதுக்கு மேல் அப்போது. அன்று முழுக்க அவர் கோயிலுக்குள் போகவே இல்லை. "அம்மாளைப் பார்க்கேல்லையோ?" என்று பெரியம்மா கேட்டதற்கு, "விடியத் தொடக்கம் அவளுக்குத்தானே தண்ணி குடுக்கிறன்" என்றார்.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது இந்த நந்திக்கடலை ஒட்டித்தான். வைகாசிப் பொங்கலும் அந்த நாட்களை ஒட்டியே வரும். மே 18 அன்று போரில் இறந்தவர்களுக்காக முள்ளிவாய்க்காலில் விளக்கேற்ற வருகிற சிலர், பொங்கலும் கிட்ட வந்தால் அப்படியே நின்று அம்மனையும் கும்பிட்டுத்தான் போவார்கள். போரில் காணாமல் போன பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் நேர்த்தி வைத்துக் கற்பூரச்சட்டி எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு முடிவதில்லை. அப்படியானவர்கள் பந்தலுக்கு வந்தால் பெரியப்பா எதுவும் கேட்கமாட்டார். மோரைக் கையில் கொடுத்து நிழலில் இருத்திவிட்டு, அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொண்டிருப்பார். யாருடைய வீட்டில் பிள்ளை படிப்பை நிறுத்தியிருக்கிறது என்பது அவருக்கு அப்படித்தான் தெரியவரும். அடுத்த கிழமை சைக்கிளில் அந்த வீட்டுக்குப் போய்விடுவார். எத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு கொடுத்தார் என்பதை அவர் சொன்னதே இல்லை. செத்த வீட்டில் ஒவ்வொருவராக வந்து பெரியம்மாவின் காலில் விழுந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

இந்த முறை திங்கட்கிழமை பின்நேரம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டு முடிந்திருந்தது. நாங்கள்தான் செய்ய வேண்டி வரும் என்று சர்க்கரை, தேசிக்காய் எல்லாம் வாங்கிக்கொண்டு போயிருந்தோம். முன்னுக்கு நின்று பொடியளுக்கு வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், பெரியப்பா படிப்பித்த பிள்ளைகளில் ஒருத்தி. இப்போது பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். பெரியப்பாவின் கொப்பி முடிந்துவிட்டதால் அதே மாதிரி கோடு போட்டுப் புதுக்கொப்பி தொடங்கியிருந்தாள். பெரியம்மாவைக் கண்டதும் கதிரை போட்டு இருத்தி, "பெரியம்மா, நீங்கள் பிள்ளையளின்ரை கையிலை நம்பர் எழுதுங்கோ" என்று பேனையைக் கொடுத்தாள். பெரியம்மா இரவு எட்டு மணி வரைக்கும் எழுதினார். ஒரு வருடமாக எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தவர், வந்த பிள்ளைகளிடம் பெயர் கேட்டு, ஊர் கேட்டு, அதட்டி, சிரித்துக்கொண்டு இருந்ததை நான் மறக்கவே மாட்டேன்.

அப்புறம் எல்லோரும் உள்ளே போனோம். சனம் நெருக்கித் தள்ளியது. வளந்துப் பானை பொங்கி வழிந்தபோது எழுந்த குலவையும் "அம்மாளே" என்ற குரலும் பறையோசையும் சேர்ந்து உடம்பெல்லாம் ஓடியது. நேர்த்தி எதுவும் எனக்கு இருக்கவில்லை, பெரியப்பாவின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டேன். விடியப்புறம் பொங்கல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அந்தப் பிள்ளை பந்தலில் இருந்து கணக்கு முடித்துக்கொண்டிருந்தாள். தாங்கி இன்னும் இரண்டு வேண்டும் என்றாள், கிழவர்களுக்குக் கதிரை கூட வேண்டும் என்றாள். அண்ணா தாங்கிக்குப் பொறுப்பு எடுத்தார், கதிரை என் பொறுப்பு.

அடுத்த வைகாசிக்கு வருகிறவர்கள் முள்ளியவளைப் பக்கத்தால் வந்தால், கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் பந்தல் இருக்கும். கைக்குழந்தை இருந்தால் நிழலில் இருந்து ஆறிப் போங்கள். பிள்ளைகளின் கையில் நம்பர் எழுத மறக்காதீர்கள். தேசிக்காய், சர்க்கரை, ஊறுகாய், எது கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். காசு கொடுத்தால் மட்டும் கொப்பியில் எழுதாமல் வாங்கமாட்டார்கள், கொஞ்சம் நிற்க வேண்டும்.