ஏஐ எழுதிய என் பயோடேட்டா: திருப்பூர் நாட்குறிப்பு

செப்டம்பர் 8, 2025, திங்கள்

பாதிச் சம்பளம் இப்போது, மீதி பிறகு என்று எங்கள் ஆடை ஏற்றுமதி நிறுவன முதலாளி இன்று சொல்லிவிட்டார். யாரையும் போகச் சொல்லவில்லை. அது பெருந்தன்மையா, நாங்களாகவே போகட்டும் என்ற கணக்கா என்று மதியச் சாப்பாட்டின்போது எங்களுக்குள் விவாதம். ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதக் கூடுதல் வரி வாங்குகிறது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20தான். ஒரு டி-சர்ட்டில் நமக்கு என்ன நிற்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். எங்கள் ஆர்டர்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான்.

இரவு பழைய பயோடேட்டாவைத் தேடி எடுத்தேன். 2011இல் பிரவுசிங் சென்டரில் தட்டச்சு செய்தது. தந்தை பெயர், மதம், சாதி, பிறந்த தேதி, நிரந்தர முகவரி, கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை" என்ற உறுதிமொழி, இடம், தேதி. செய்த வேலையைப் பற்றி மட்டும் ஒன்றரை வரி.

செப்டம்பர் 10, புதன்

கோவையில் பொறியியல் படிக்கும் அக்கா மகன் வந்திருந்தான். "சித்தி, இதையெல்லாம் இப்போது யார் கையால் எழுதுகிறார்கள்?" என்று என் கைபேசியில் ஒரு ஏஐ செயலியை இறக்கிக் கொடுத்தான். தமிழில் பேசினால் போதும், ஆங்கிலத்தில் எழுதித் தந்துவிடும். பையருக்கு, அதாவது ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு, மெயில் அனுப்பும் ஆங்கிலம் எனக்கு வரும். என்னைப் பற்றி நானே நான்கு வரி புகழ்ந்து எழுதும் ஆங்கிலம் வராது. தமிழிலும் வராது என்பது வேறு விஷயம்.

சாயப்பட்டறை லேபில் தொடங்கி, பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே நின்று ஆர்டரை முடித்துக் கொடுக்கும் மெர்ச்சண்டைசராக வந்தது வரை பேசினேன். மொத்தத் துணிக்குச் சாயம் ஏற்றும் முன் சிறு துண்டில் நிறம் போட்டு, பையருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குவோம். அதுதான் லேப் டிப். நான் லேப் டிப் என்ற இடத்திலெல்லாம் செயலி லேப்டாப் என்று எழுதிக்கொண்டது. அதன்படி நான் பல ஆண்டுகளாக ஐரோப்பிய நிறுவனங்களிடம் லேப்டாப்களின் நிறத்துக்கு ஒப்புதல் வாங்கி வருகிறேன். பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

செப்டம்பர் 11, வியாழன்

திருத்திய பிரதி படிக்க நன்றாகவே இருந்தது. நடுவில் "உற்பத்திச் செலவை 22 சதவீதம் குறைத்தவர்" என்று ஒரு வரி. நான் சொல்லவே இல்லை.

ஒரு உருப்படியின் விலையில் பாதிக்கு மேல் துணிக்கே போய்விடும். நூல் விலை நூற்பாலைகள் கையில். நிட்டிங், டையிங் கூலிகளைச் சங்கங்கள் பேசி முடிக்கின்றன. இந்த நிலையில் மெர்ச்சண்டைசர் 22 சதவீதம் குறைத்தாள் என்றால், அவள் பொய் சொல்கிறாள், அல்லது அந்த டி-சர்ட்டில் கை தைக்காமல் விட்டிருக்கிறாள்.

எங்கிருந்து வந்தது இந்த எண் என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்டது. 22ஐ எடுத்துவிட்டு 15 போட்டது!

தொலைபேசியில் அக்கா மகனிடம் சொன்னபோது விளக்கினான். படித்த கோடிக்கணக்கான பக்கங்களை வைத்து, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பார்த்துத்தான் அது எழுதுகிறதாம். பயோடேட்டாக்களில் அந்த இடத்தில் ஒரு சதவீதம் இருப்பது வழக்கம், ஆகவே அதுவும் ஒன்றைப் போடுகிறது. சரி, நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்து பதில் சொல்லப் போவது நானாயிற்றே.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று வேறு வழி. "நீ எதையும் எழுத வேண்டாம். கேள்வி மட்டும் கேள், ஒரு நேரத்தில் ஒன்று. நான் சொல்லாத எண் எதையும் சேர்க்காதே" என்று கட்டளை போட்டேன். கைவிட்டுப் போகவிருந்த ஆர்டர் எதையாவது மீட்டதுண்டா என்று கேட்டது.

உண்டு. ஒரு ஜெர்மன் ஆர்டர். சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி, கடல்நீலம். பட்டறையிலிருந்து தவணை தவணையாக வந்த துணிகளின் நிறம் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. டியூப்லைட்டில் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில், பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கைப் போட்டதும் சில ரோல்கள் சிவப்படித்தன. மறுசாயம் போட நாள் இல்லை. போட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும், லாபம் அதிலேயே கரைந்துவிடும். ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு வெட்டி, எண் எழுதி, மேசையில் பரப்பி, நிறவாரியாக நான்கு கட்டாகப் பிரித்தேன். ஒரு உருப்படியின் உடம்பும் கையும் ஒரே கட்டுத் துணியில் வர வேண்டும், ஒரு பெட்டிக்குள் ஒரே கட்டு உருப்படிகள்தான் போக வேண்டும் என்று கட்டிங் மாஸ்டரிடம் சொன்னேன். நான்கு துண்டுகளையும் கூரியரில் அனுப்பி, பையரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினேன். சரக்கு தூத்துக்குடியிலிருந்து கப்பலிலேயே போனது.

இதைப் பயோடேட்டாவில் எழுதலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வேலை என்றால் அதுதானே? ஆனால் "பிரித்தோம்", "அனுப்பினோம்" என்று நான் சொன்ன இடங்களிலெல்லாம் செயலி "யார் செய்தது?" என்று விடாமல் கேட்டது. எரிச்சலாகத்தான் இருந்தது. கேட்டது சரி. நான்தான் செய்தேன்.

பையரின் பெயரை மட்டும் கடைசி வரை சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஏஐயிடம் சொல்வதும் வெளியாரிடம் சொல்வதுதான். ஆதார் எண்ணையும் பழைய பிரதியிலிருந்து எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

2011இல் ஏன் இடைவெளி என்று கேட்டது. பதிலையும் அதுவே தயாராக வைத்திருந்தது: சுயவளர்ச்சிக்காக எடுத்துக்கொண்ட ஓய்வு!

2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நான் இருந்த லேபும் மூடியது. நொய்யலின் ஓரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக்கழிவுத் தண்ணீரைப் பார்த்தவர்கள் அந்த உத்தரவைக் குறை சொல்ல மாட்டார்கள். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் மளிகைக் கடன் ஏறியதும் உண்மை. வேறு வழியின்றித்தான் ஏற்றுமதி நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். சாயம் தெரிந்த மெர்ச்சண்டைசர் என்று எனக்கு ஒரு மதிப்பு வந்ததற்கு அதுதான் காரணம்.

"உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறை மூடல்" என்று எழுதச் சொன்னேன். திருப்பூரில் படிப்பவருக்கு அது போதும்.

செப்டம்பர் 19, வெள்ளி

அக்கா மகன் இரண்டு நெடுவரிசையாக, ஓரத்தில் நீலப்பட்டை போட்டு, திறமைகளுக்கு நட்சத்திரம் வைத்து அழகாக அமைத்துக் கொடுத்தான். ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் ஏற்றினேன். ஏற்றியதைக் கணினியே படித்துக் கட்டங்களை நிரப்பிக்கொள்ளும், ஏடிஎஸ் என்கிறார்கள். அது இடமிருந்து வலமாக ஒரே ஓட்டமாகப் படித்ததில், என் கல்லூரி என் முன்னாள் நிறுவனமாகிவிட்டது. பெயர்க் கட்டத்தில், தாளின் தலைப்பிலிருந்த "கரிகுலம் விட்டே" (பயோடேட்டாவுக்கு இன்னொரு பெயர்) போய் உட்கார்ந்தது. சற்று நேரத்தில் மெயில் வந்தது: "அன்புள்ள கரிகுலம், எங்களிடம் பதிவு செய்தமைக்கு நன்றி."

பட்டை, நட்சத்திரம் எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. ஒரே நெடுவரிசை, சாதாரண எழுத்துரு, மேலே பெயர்.

செப்டம்பர் 23, செவ்வாய்

அலுவலகத்தில் எல்லாரும் இதே வேலையாகத்தான் இருக்கிறார்கள் போலிருக்கிறது. பக்கத்து மேசை அக்கா தன்னுடையதைக் காட்டினார். முதல் பத்தி என்னுடைய முதல் பிரதியில் இருந்த அதே பத்தி: முடிவுகளை நோக்கி உழைப்பவர், குழுவோடு இணைந்து செயல்படுபவர், சவால்களை விரும்புபவர். குவாலிட்டி பிரிவுத் தம்பியுடையதும் அப்படியே. சவாலை விரும்பும் ஒருவரையும் நான் இந்தக் கட்டடத்தில் பார்த்ததில்லை. என் பிரதியில் அந்தப் பத்தியை முழுதாக வெட்டிவிட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

நேர்முகத் தேர்வு. பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பும் நிறுவனம். ஜூலை 24 அன்று பிரிட்டனுடன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. அது நடைமுறைக்கு வந்தால் நம் ஆடைக்கு அங்கே வரி இருக்காது. அந்த நம்பிக்கையில் ஆள் எடுக்கிறார்கள்.

பொது மேலாளருக்கு அறுபது வயது இருக்கும். மேசையில் ஒரு கட்டுப் பயோடேட்டா. "எல்லாவற்றையும் ஒரே ஆள் எழுதியது மாதிரி இருக்கிறது, அம்மணி" என்றார். பிறகு நேரே அந்தக் கடல்நீலத்துக்கு வந்தார். "நான்கு கட்டாகப் பிரித்தீர்கள், சரி. பெட்டிக்குள் சைஸ் ரேஷியோ, எந்த அளவில் எத்தனை என்ற கணக்கு, எப்படி வந்தது?"

இதை ஏஐ கேட்கவில்லை. அனுபவப்பட்டவருக்குத்தான் இது தோன்றும். கட்டுவாரியாகத் தனி மார்க்கர் (துணி வெட்டும் வரைபடம்) போட்டோம், கடைசிக் கட்டில் துணி பற்றாமல் எக்ஸ்எல் வரவில்லை, அந்த அளவைப் பக்கத்து நிறக் கட்டில் வெட்டித் தனிப் பெட்டியாகப் போட்டு, பேக்கிங் லிஸ்டில் குறித்தோம் என்றேன். இழுப்பறையிலிருந்து இரண்டு பழுப்புத் துண்டுகளை எடுத்து நீட்டினார். ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்து, இடது கையில் இருப்பது மஞ்சளடிக்கிறது என்றேன். எந்தத் தேதியில் சேர முடியும் என்று கேட்டார்.

அக்டோபர் 16, வியாழன்

எவ்வளவு சம்பளம் கேட்கலாம் என்று ஏஐயைக் கேட்டதற்குப் பெங்களூர் கணக்கைச் சொன்னது. ஊரைச் சொல்லித் திரும்பக் கேட்டாலும் தயக்கமில்லாமல் அதே தொகை. பழைய அலுவலகத்து அக்கா ஒருவர் சொன்னது அதில் பாதிக்குச் சற்று மேல். இரண்டுக்கும் நடுவில் கேட்டேன், அக்கா சொன்ன தொகையில் முடிந்தது. போனஸ் தனி. தீபாவளி கழித்து 23ஆம் தேதி சேர வேண்டும்.

இங்கே நிற்கும் பாதிச் சம்பள பாக்கியைக் கேட்டு முதலாளிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அதை ஏஐயிடமே கொடுக்கப் போகிறேன். நான் எழுதினால் "தங்களுக்கு வசதிப்படும்போது" என்று முடித்துவிடுவேன்.