மூடுபனி நாளில் ஒரு நுண்கால்வாய்

நான் மூன்றாம் ஆண்டு மாணவருக்கு நுண்தயாரிப்பு, அதாவது மிக நுண்ணிய அமைப்புகளை உருவாக்கும் முறை, கற்பிக்கும் ஆய்வுகூடத்தைத் தூசி புகாத தூய அறை என்று சொல்ல எனக்கே துணிவில்லை. ஒளியுணர் படலம் நீல ஒளியையும் புறஊதாக் கதிரையும் தாங்காது என்பதற்காக, யன்னல்களில் மஞ்சள் தாள் ஒட்டிய பழைய அறை அது. செய்முறை எளியது. கண்ணாடித் தகட்டில் 38 மைக்ரோமீற்றர் தடிப்புள்ள, உலர்ந்த தாளாக வரும் அந்த ஒளியுணர் படலத்தை லமினேற்றரால் ஒட்டி, கால்வாய் வடிவம் அச்சிட்ட ஒளிபுகு தாளினூடாகப் புறஊதாக் கதிர் படச் செய்து, 1% சோடியம் காபனேற்றுக் கரைசலில் கழுவினால், ஒளிபட்ட பகுதி மட்டும் தலைமயிர் அகலத்தில் ஒரு வரப்பாக எஞ்சும். அதன்மேல், பத்துப் பங்குக்கு ஒரு பங்கு வன்மையாக்கி கலந்த திரவச் சிலிக்கோனை ஊற்றி இறுகவிட்டு உரித்தால், வரப்பு இருந்த இடத்தில் கால்வாய் கிடைக்கும்.

கடந்த ஆனியில், மூடுபனி அறைக்குள்ளேயே வந்துவிட்ட ஒரு காலையில், பாதிக் குழுக்களின் வரப்புகள் கரைசலில் கழன்று வெங்காயச் சருகுபோல் மிதந்தன. படலம் பழையது என்றனர் சிலர். அழுத்தம் போதவில்லை என்றனர் வேறு சிலர். ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவி மட்டும், "சேர், இந்த மாதிரி நாள்ல கொழுந்தே வாடாது. எங்க பெக்டரியில சூட்டுக் காத்து விட்டுத்தான் வாட்டுவாங்க," என்றாள்.

அவள் சுட்டியது காற்றின் ஈரத்தை. நீரை விரும்பும் கண்ணாடியின் மேற்பரப்பில் அந்த ஈரம் கண்ணுக்குத் தெரியாத மென்படையாகப் படிந்திருக்கும். படலம் பற்றுவது கண்ணாடியை அல்ல, அந்த நீரை. தகட்டை முன்கூட்டியே சூடாக்குங்கள் என்று நானே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாதித் தகடுகளை 120 பாகை செல்சியஸில் பத்து நிமிடம் உலர்த்தியும் மீதியை அப்படியே விட்டும் ஒப்பிடச் சொன்னேன். உலர்த்தியவை ஒட்டின, ஒன்றைத் தவிர. அதன் ஓரம் சுருண்டதற்குக் காரணம் குறிப்பேட்டில் இருந்தது: தேநீர் இடைவேளையில் தகடு மேசையிலேயே ஆறிக் கிடந்திருக்கிறது. சூடு தணியுமுன் ஒட்ட வேண்டும் என்பதை அந்தக் குழு இனி மறக்காது.

மதிப்பெண் படிவத்தில் முடிவுக்கு மட்டுமே இடமிருப்பது எனக்குப் பழைய மனக்குறை. ஆகவே பாதி மதிப்பெண்ணை நான் குறிப்பேட்டுக்கே ஒதுக்குகிறேன். இப்போது கதவருகே, காற்றின் ஈரத்தை அறிய உதவும் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள் தொங்குகின்றன, தேயிலைத் தொழிற்சாலையின் வாட்டும் அறையில் தொங்குவதைப் போலவே. ஒவ்வொரு குழுவும் அன்றைய முதல் வரியாக எழுதுவது அவற்றின் வாசிப்பைத்தான்.